பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க!



ராத்திரி 11.30 மணி. விடிஞ்சா மேத்ஸ் பேப்பர். ரூம் முழுக்க ஜெராக்ஸ் தாள். அந்த நேரம் பார்த்து கீழ்க் கடைவாய்ப் பல் 'விண்... விண்...'னு தெறிக்க ஆரம்பிக்கும் பாருங்க! பகல் பூரா சாதுவா இருந்த பல், படுத்ததும்தான் தன் வேலையைக் காட்டும். ரூம்மேட் பையைத் துழாவி ஒரு மாத்திரையை நீட்டுவான். பக்கத்து ரூம் சீனியர் கிராம்பைக் கடிச்சுக்கச் சொல்வார். இன்னொருத்தன், 'பிடுங்கிப் போட்டுடு மச்சி... இருக்கிறது 32. ஒண்ணு போனா என்ன?' என்று தத்துவம் பேசுவான். காலையில் வலி கொஞ்சம் அடங்கும். பரீட்சை முடியும். பல்லும் மறந்துபோகும், அடுத்த செமஸ்டர் வரைக்கும்!

திருச்சியில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கடிதத்திலிருந்து எடுத்த காட்சி இது. அவர் கேட்டிருப்பது இதுதான்: 'கடைவாய்ப் பல்லில் 2 வருஷமா ஓட்டை. 3 தடவை பயங்கரமா வலிச்சு, தானாவே போயிடுச்சு. இப்ப 4 மாசமா வலியே இல்லை. சரியாயிடுச்சா டாக்டர்? எதுக்கும் பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப பிடுங்கிடலாம்னு அப்பா சொல்றார். ரூட் கெனால் பண்ணினா உயிர் போற மாதிரி வலிக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?'

இந்த வாரப் பக்கம் பெரும்பாலும் இந்தத் தம்பிக்குத்தான். ஏன்னா, இதே கேள்வியை வேற வேற வார்த்தையில் கேட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. மற்ற கேள்விகளுக்கும் நடுநடுவே பதில் உண்டு.

'பல்லில் பூச்சி எப்படி டாக்டர் வருது?'

முதல்ல இதை முடிச்சுடுவோம். பூச்சியே கிடையாது! 'பூச்சிப் பல்'னு நம்ம பாட்டி காலத்திலிருந்து சொல்லிட்டு வர்றோம், அவ்வளவுதான். நம்ம ஊரில் மட்டும் இல்லை, உலகம் முழுக்கவே பல்லைப் புழுதான் குடையுதுன்னு நம்பியிருக்காங்க. பழைய ஐரோப்பாவில் கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றின் விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொல்வார்களாம். அப்புறம் பாத்திரத்தில் வெள்ளையா நெளிஞ்சு கிடக்கிறதைக் காட்டி, 'இதோ பாரு, உன் பல்லில் இருந்த புழு!' என்பார்களாம். உண்மையில் அது வெடிச்ச விதையின் முளை! 1728-லேயே பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு பல் மருத்துவர் தன் புத்தகத்தில் இந்தப் புழுக் கதையை ஏற்க முடியாதுன்னு எழுதிட்டார். ஆனா நம்ம ஊர்த் திருவிழாக்களில் 'பல் பூச்சி எடுக்கப்படும்'னு உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட இன்னமும் கூட்டம் நிக்குது.

அப்போ ஓட்டை எப்படி விழுது? வாயில் எப்பவும் கிருமிகள் இருக்கு. நீங்க சாப்பிடுற சர்க்கரையும் மாவும்தான் அதுங்களுக்கும் மெஸ் சாப்பாடு. சாப்பிட்டுட்டு அமிலத்தைக் கக்கும். பல்லுக்கு மேலே இருக்கிற எனாமல், உடம்பிலேயே ரொம்பக் கெட்டியான பொருள். எலும்பை விடக் கெட்டி. ஆனா அமிலத்துக்கிட்ட அது தோத்துடும். வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினா எனாமலில் இருந்து தாது கரைய ஆரம்பிக்கும். அப்புறம் உமிழ்நீர் வந்து மெதுவா சரிபண்ணும். அதுக்கு அரை மணி நேரமாவது வேணும்.

இங்கேதான் நம்ம காலேஜ் வாழ்க்கை இடிக்குது. நீங்க எவ்வளவு சர்க்கரை சாப்பிடுறீங்க என்பதை விட, எத்தனை தடவை சாப்பிடுறீங்க என்பது முக்கியம். நைட் ஸ்டடியில் 10 மணிக்கு ஒரு டீ, 10.30-க்கு பிஸ்கட், 11-க்கு கூல்டிரிங்க் பாட்டிலைத் திறந்து 1 மணி வரை சொட்டுச் சொட்டா... உமிழ்நீர் சரிபண்ண நேரமே கொடுக்கலையே! ஒரு முழு ஸ்வீட்டையும் ஒரே மூச்சில் சாப்பிட்டுட்டு வாயைக் கொப்பளிக்கிறவர் உங்களை விடத் தப்பிச்சார்.

ஆரம்பத்தில் பல்லில் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அந்தக் கட்டத்தில் கவனிச்சா, ஃப்ளோரைடு பேஸ்ட்டும் ஒழுங்கான சாப்பாட்டுப் பழக்கமும் அதைத் திரும்பக் கெட்டியாக்க வாய்ப்பு இருக்கு. ஆனா ஓட்டை விழுந்துட்டா அது தானா மூடாது. விரல் வெட்டுப்பட்டா ஆறும், எலும்பு உடைஞ்சாக்கூட கூடும். எனாமல் வளராது. நெட்டில் பார்த்து எண்ணெய், மஞ்சள், கிராம்புன்னு எதைத் தடவினாலும் ஓட்டை அடையாது ஃப்ரெண்ட்ஸ்!

'வலி போயிடுச்சே, சரியாயிடுச்சா?'

திருச்சித் தம்பி, இதுதான் உங்க கடிதத்திலேயே எனக்குப் பயம் கொடுத்த வரி.

எனாமலில் நரம்பு கிடையாது. அதனால ஓட்டை அங்கே இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்கு அடுத்த அடுக்கு டென்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கு. ஓட்டை அங்கே வந்ததும் ஐஸ்க்ரீம் பட்டா 'சுர்ர்'ருங்கும், இனிப்பு பட்டா கூசும். அதுக்கும் உள்ளே நடுவில் இருக்கிறதுதான் பல்கூழ். ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அங்கேதான் குடியிருக்கு. கிருமி அங்கே நுழைஞ்சதும் வீங்கும். ஆனா சுத்திலும் கெட்டியான சுவர், வீங்க இடம் எங்கே? அந்த அழுத்தம்தான் உங்க ராத்திரி 11.30 மணி வலி. படுத்தா தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடும், அழுத்தமும் கூடும். அதான் படுத்ததும் தெறிக்குது.

அப்படியே விட்டா என்னாகும்? ஒரு நாள் அந்தப் பல்கூழ் செத்துப்போகும். நரம்பு செத்துட்டா வலி ஏது? நீங்க 'அப்பாடா, சரியாயிடுச்சு'ன்னு நிம்மதியா இருப்பீங்க. கிருமிங்க வேர் நுனி வழியா எலும்புக்குள்ளே இறங்கிட்டிருக்கும். 4 மாசமோ, 1 வருஷமோ கழிச்சு திடீர்னு சீழ் கட்டி, கன்னம் புஸ்ஸுன்னு வீங்கும்போதுதான் தெரியும். தொல்லை கொடுத்த பல் சும்மா ஆயிடுச்சுன்னா, பெரும்பாலும் அது குணமானதுக்கு அடையாளம் இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் 'பல் வலிக்கு மாத்திரை கொடுங்க'ன்னு வாங்கிப் போடுறது எதுக்கும் உதவாது. வலி மாத்திரை அந்த ராத்திரியைத் தாண்ட உதவலாம். ஆன்டிபயாடிக் அதுவும் இல்லை. செத்துப்போன பல்கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது, அப்புறம் மருந்து எந்த வழியா உள்ளே போகும்? கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினால் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், உண்மைதான். பல் மருத்துவர்களே அதைப் பயன்படுத்துறோம். ஆனா அது சிகிச்சை இல்லை. வலி மாத்திரையைப் பொடி பண்ணி ஈறில் வைக்கிறதை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சு வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பா இருப்பேன். தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்க முடியலை, எச்சில் முழுங்கக் கஷ்டமா இருக்கு... இதெல்லாம் சேர்ந்து வந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. கிளினிக்கும் வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்ஸிக்குப் போங்க. வீக்கம் கழுத்துக்குப் பரவி மூச்சை அடைக்கலாம். பல்லால் உயிருக்கு ஆபத்து வருமான்னு கேட்டா, அபூர்வம்தான்... ஆனா வரும்.

'எந்த ஃபில்லிங் நல்லது?'

சென்னையிலிருந்து ஒரு மாணவி, 'வெள்ளை அடைக்கவா, சில்வர் அடைக்கவான்னு டாக்டர் கேட்டார். முழிச்சேன்!' என்று எழுதியிருக்காங்க.

சில்வர் ஃபில்லிங்னா அமால்கம். கிட்டத்தட்ட பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. கறுப்பா இருக்கும், ஆனா உழைக்கும். 150 வருஷத்துக்கும் மேல நம்மகிட்ட இருந்த பொருள். பாதரசக் கழிவு சுற்றுச்சூழலில் கலக்குதுன்னு உலக நாடுகள் இதைக் குறைச்சுக்கிட்டு வருது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜனவரியிலிருந்து பொதுவாகத் தடையே பண்ணிட்டாங்க. உடனே 'ஐயோ, என் வாயில் 2 இருக்கே'ன்னு பதறாதீங்க. நல்லா உட்கார்ந்திருக்கிற ஃபில்லிங்கைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

பல் நிறத்தில் வைக்கிறது காம்போசிட். பல்லை ஒருவித அமிலத்தால் லேசாச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, மாவு மாதிரி வெச்சு, நீல விளக்கைக் காட்டுவாங்க. சில விநாடியில் கெட்டியாகும். பல்லோடு ஒட்டிக்கிறதால நல்ல பல்லை அதிகம் குடைய வேண்டியதில்லை. ஆனா அந்த நேரத்தில் எச்சில் ஒரு துளி பட்டாலும் ஒட்டாது. அதனால டாக்டர் பஞ்சைத் திணிச்சு, வாயை அகலமாத் திறக்கச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. அவர் அவசரப்பட்டு முடிச்சா அது உங்களுக்குத்தான் நஷ்டம். மூணாவது கிளாஸ் அயனோமர். ஃப்ளோரைடை மெல்ல மெல்ல விடும். அழுத்தம் அதிகமில்லாத இடங்களுக்குச் சரி.

எது நல்லதுன்னா, ஓட்டை எங்கே இருக்கு, எவ்வளவு பெரிசு என்பதைப் பொறுத்தது. கடைக்குப் போய் கலர் பார்த்து வாங்குற சட்டை இல்லை இது.

'ரூட் கெனால்னா உயிர் போகுமாமே?'

உயிர் போறது ரூட் கெனாலுக்கு முன்னாடிதான், அந்த ராத்திரி வலியில்! மரத்துப்போற ஊசி போட்ட பிறகு பெரும்பாலானவங்களுக்கு அழுத்தமும் சத்தமும்தான் தெரியும். சில சமயம் ரொம்ப வீங்கின பல்லில் ஊசி சரியா வேலை செய்யாது. அப்போ கையைத் தூக்குங்க, இன்னொரு ஊசி போடலாம், வேற இடத்தில் போடலாம். பொறுத்துக்கிட்டுப் படுத்திருக்கிறது வீரம் இல்லை.

அப்படி என்னதான் செய்றாங்க? பல்லுக்குள்ளே கெட்டுப்போன பல்கூழை எடுத்து, வேருக்குள்ளே இருக்கிற கால்வாய்களைத் தலைமுடி மாதிரி மெல்லிய கருவிகளால் சுத்தம் பண்ணி, மருந்து நீர் விட்டுக் கழுவி, அடைச்சுடறாங்க. மேல் கடைவாய்ப் பல்லுக்கு 3 வேர், கால்வாய் பெரும்பாலும் 4. அந்த நாலாவது கால்வாய் ஒளிஞ்சு விளையாடும்! அதைத் தேடுறதுக்கே நேரம் ஆகும். அதனால்தான் எக்ஸ்ரே எடுக்கிறதும், சில சமயம் 2, 3 தடவை வரச் சொல்றதும்.

அடைக்கிற பொருள் என்ன தெரியுமா? கட்டாபெர்ச்சா. மலாய் நாட்டுப் பக்கம் வளர்கிற ஒரு மரத்தின் பால். 19-ம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் தந்தி கேபிள் போட்டப்ப, தண்ணீர் புகாம இருக்கக் கம்பிக்கு மேலே சுத்தினது இதைத்தான். கண்டம் விட்டுக் கண்டம் செய்தி அனுப்பின அதே பொருள்தான் இப்போ உங்க பல்லுக்குள்ளே. இ.சி.இ. பசங்க சந்தோஷப்படலாம்!

இன்னொரு விஷயம். ரூட் கெனால் முடிஞ்சதும் வலி போயிடும். 'கேப் போட அப்புறம் வர்றேன்'னு போறவங்க, பாதிப் பல் உடைஞ்சு கையில் எடுத்துக்கிட்டுத்தான் திரும்பி வருவாங்க. ஓட்டையிலும், உள்ளே வழி போட்டதிலும் அந்தப் பல் ஏற்கெனவே நிறைய இழந்திருக்கும். கடைவாய்ப் பல்லில் விழுற அழுத்தத்தைத் தாங்க மேலே கேப் வேணும். முறுக்கு ஒண்ணு போதும், நெடுக்காப் பிளந்துடும். அப்படி வேர் வரை பிளந்தா அந்தப் பல்லைப் பெரும்பாலும் காப்பாத்த முடியாது. ரூட் கெனாலுக்குச் செலவழிச்சதும் போச்சு. கேப்புக்கும் சேர்த்துப் பணம் எவ்வளவு ஆகும்னு முதல் நாளே கேட்டுட்டு ஆரம்பிங்க.

'பிடுங்கிட்டா ஒரே நாளில் முடிஞ்சுடுமே?'

இதுக்கு என் சொந்தக் கதையைச் சொல்லணும். கொஞ்சம் வெட்கமா இருக்கு... பரவாயில்லை.

எனக்கு 15 வயசு. கீழ்த் தாடை, இடது பக்கம், முதல் கடைவாய்ப் பல். வலின்னு அழுதேன். அப்பா ஒரு கிளினிக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே எக்ஸ்ரே இல்லை, வேற வழி உண்டான்னு யாரும் பேசவும் இல்லை. 10 நிமிஷத்தில் பிடுங்கிட்டாங்க. அப்பாவுக்கு நிம்மதி, எனக்கு அன்னிக்கு ஐஸ்க்ரீம். பிறகு பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வருஷம் அச்சு எடுக்கப் பழகும்போது ஒருத்தர் வாயில் ஒருத்தர் அச்சு எடுப்போம். என் தாடையின் பிளாஸ்டர் மாடலை மேஜை மேல வெச்சதும் கூடப் படிச்சவங்க எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க. பிடுங்கின இடத்துக்குப் பின்னாடி இருந்த பல், பஸ்ஸில் தூங்கி பக்கத்து சீட்டுக்காரர் மேல சாயிற ஆள் மாதிரி அந்த ஓட்டைக்குள்ளே சாஞ்சு கிடந்தது. மேலே இருந்த பல், கீழே தடுக்க ஆள் இல்லாததால் நீண்டு இறங்கியிருந்தது. நான் சாப்பிடுறது வலது பக்கம் மட்டும்தான் என்பதே எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. எங்க சார் அந்த மாடலைக் கையில் வெச்சுக்கிட்டு மொத்த கிளாஸுக்கும் பாடம் எடுத்தார். 'பேஷன்ட் யாரு?'ன்னு கேட்டார். நான் கை தூக்கலை!

அந்த முதல் கடைவாய்ப் பல் இருக்கே, அது 6 வயசில் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாம, அதுங்களுக்குப் பின்னாடி சத்தமில்லாம வந்து நிக்கும். அதனால நிறைய அப்பா அம்மா அதையும் பால் பல்லுன்னு நினைச்சு, 'விழுந்து முளைக்கும்'னு விட்டுடறாங்க. அது விழுந்தா முளைக்காது. மெல்லுற வேலையில் பெரும் பங்கு அதுக்குத்தான். முதல்ல கெட்டுப்போறதும் பல நேரம் அதுதான்.

பிடுங்கின இடத்தில் திரும்பப் பல் கட்ட வழியே இல்லையான்னா, இருக்கு. பிரிட்ஜ் போடலாம். ஆனா அதுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லைச் செதுக்கணும். இம்ப்ளான்ட் வைக்கலாம். டைட்டானியம் உலோகம் எலும்போடு சேர்ந்துக்கும்னு ஸ்வீடன் நாட்டு பிரானெமார்க் 1950-களில் கண்டுபிடிச்சார், 1965-ல் முதன்முதலா ஒரு மனிதருக்கு வெச்சார். எலும்போடு கூட 3 முதல் 6 மாசம் ஆகலாம், தாடை வளர்ச்சி முடிஞ்ச பிறகுதான் வைப்பாங்க. அருமையான விஷயம்தான். ஆனா செலவைப் பாருங்க. சின்ன ஓட்டையா இருக்கும்போது அடைச்சிருந்தா ஆகியிருக்கிற காசு மாதிரி எத்தனை மடங்கு! 'ஒரே நாளில் முடிஞ்சுடும்'னு பிடுங்கினது, 10 வருஷம் கழிச்சு பெரிய பில்லா திரும்பி வருது.

சில பல்லைப் பிடுங்கித்தான் ஆகணும், மறுக்கலை. வேர் பிளந்தது, எலும்பு கரைஞ்சு ஆடுறது, குறுக்கே மாட்டிக்கிட்டு அடிக்கடி ஈறு வீங்குற ஞானப் பல்... இதெல்லாம் அந்தப் பட்டியல். அதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர் முடிவு பண்ணட்டும், ரூம்மேட் வேண்டாம்.

மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடுமான்னு 2 பேர் கேட்டிருக்கீங்க. போகாது. பல்லுக்கு வர்ற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற. இந்தப் பயத்தில் சீழ் பிடிச்ச மேல் பல்லோடு வருஷக்கணக்கா இருக்கிறவங்க நம்ம ஊரில் உண்டு.

தர்மபுரியிலிருந்து ஒரு கடிதம்

'டாக்டர், என் பல்லில் பழுப்பா பட்டை பட்டையா இருக்கு. தினமும் 2 வேளை தேய்க்கிறேன். கிளாஸில் சிரிக்கவே மாட்டேன், கையால மூடிக்குவேன். அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. பல்லே விளக்காதவள்னு நினைச்சுப்பாங்களோ?'

தங்கச்சி, உங்க பிரஷ் மேல தப்பில்லை. உங்க ஊர்த் தண்ணி மேலதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் இருந்தா நல்லது, வேற தண்ணி இல்லாத பட்சத்தில் 1.5 வரை போகலாம் என்பதுதான் இந்தியத் தரக் கணக்கு. அதுக்கு மேல இருக்கிற தண்ணியைச் சின்ன வயசில், அதாவது சுமார் 8 வயசு வரைக்கும் தாடைக்குள்ளே பல் உருவாகிக்கிட்டு இருக்கும்போது குடிச்சா, எனாமல் உருவாகும்போதே குறையோட வந்துடும். கறை மேலே படிஞ்சது இல்லை, உள்ளேயே இருக்கு. அதனாலதான் தேய்ச்சா போகலை. இந்தப் பிரச்னைக்காகவே கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. உங்களுக்கு அப்போ பல் எல்லாம் உருவாகி முடியிற வயசு. உங்க தம்பி, தங்கைகளின் பல்லைப் பாருங்க, வித்தியாசம் தெரியலாம்.

இதுக்கு வழி இருக்கு. லேசான கறைன்னா மேல் அடுக்கை மட்டும் மிக மெல்லிசா தேய்ச்சு எடுக்கிற முறையும், பிளீச்சிங்கும் போதும். ஆழமா இருந்தா முன்பக்கம் காம்போசிட் பூசலாம், இல்லேன்னா வெனீர்னு மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டலாம். எடுத்த உடனே வெனீருக்குப் போகாதீங்க. குறைவா பல்லைத் தொடுற முறையில் ஆரம்பிச்சு, போதலைன்னா அடுத்ததுக்குப் போறதுதான் சரி. முக்கியமா கரித்தூள், செங்கல்பொடி, உப்பு, எலுமிச்சைன்னு எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. கறை போகாது, எனாமல்தான் போகும். இன்டர்வியூவுக்கு ஒரு வருஷம் இருக்கு, தாராளமா நேரம் இருக்கு. கையை எடுங்க, சிரிங்க!

பந்து பட்டுப் பல் விழுந்தா...

இதை மட்டும் கிழிச்சு உங்க ரூம் கதவில் ஒட்டி வெச்சுக்கங்க. கிரிக்கெட் பந்து பட்டோ, பைக்கில் விழுந்தோ முன்பல் முழுசா வேரோட கழண்டு விழுந்துட்டா, அந்தப் பல்லைத் திரும்ப அதே இடத்தில் வைக்க முடியும். நிறைய பேருக்கு இது தெரியாது. பல்லைத் தேடி எடுங்க. வெள்ளைப் பகுதியைப் பிடிங்க, வேரைத் தொடாதீங்க. மண் ஒட்டியிருந்தா பாலில் லேசா அலசுங்க. தேய்க்காதீங்க. தைரியம் இருந்தா அப்பவே அந்தக் குழியில் நேராப் பொருத்தி, மெதுவா அழுத்தி, கர்ச்சீப்பைக் கடிச்சுக்கங்க. முடியலையா? டீக்கடையில் காய்ச்சாத பால், இல்லை ஆறின பால், ஒரு டம்ளர் வாங்கி அதில் போட்டுக்கிட்டுப் பறங்க. தண்ணியில் போடாதீங்க, பேப்பரில் சுத்திப் பாக்கெட்டில் போடாதீங்க. வேர் மேல இருக்கிற உயிரணுக்கள் காய்ஞ்சா செத்துடும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 1 மணி நேரம் காய விட்டுட்டா வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சுடும். டாக்டர் பக்கத்துப் பல்லோடு கம்பி வெச்சு சுமார் 2 வாரம் கட்டிவிடுவார், பெரும்பாலும் ரூட் கெனாலும் தேவைப்படும். நிரந்தரப் பல்லுக்கு மட்டும்தான் இது. சின்னக் குழந்தையின் பால் பல்லைத் திரும்பச் சொருகக் கூடாது.

அப்புறம் க்ளீனிங் பண்ணினா பல் ஆடும், இடைவெளி விழும்னு ஒரு பயம். காறை எடுத்ததும் அது அடைச்சிருந்த இடம் நாக்குக்குப் புதுசாத் தெரியும், அவ்வளவுதான். பல்லை ஆட வைக்கிறதே அந்தக் காறைதான்.

சரி, திருச்சித் தம்பிக்கு வர்றேன். பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வலி இல்லாத இந்த நேரத்திலேயே போய் ஒரு எக்ஸ்ரே எடுங்க. பணம்தான் யோசனைன்னா, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கு. சென்னையில் 1953-லிருந்து இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி, சிதம்பரத்தில் ஒன்று, உங்களுக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையில் 2023-ல் திறந்த ஒன்று இருக்கு. தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் வெளியே ஆகிற செலவு ஆகாது. மாணவர்கள்தான் செய்வாங்க, ஆனா ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்ப்பார். நேரம் அதிகமாகும், 2 நாள் கிளாஸ் கட் ஆகலாம். (இதுக்குக் கட் அடிக்க நான் பர்மிஷன் தர்றேன்!) எங்கே போனாலும், 'இந்தப் பல்லைக் காப்பாத்த முடியுமா? முடியும்னா என்னென்ன செய்யணும், கேப்போட சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்?'னு கேட்டுட்டு நாற்காலியில் சாயுங்க. அப்பாகிட்ட பேசத் தயக்கமா இருந்தா இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. எங்க அப்பாவும் நல்ல எண்ணத்தில்தான் கூட்டிட்டுப் போனார்.

எக்ஸ்ரேயில் என்ன தெரிஞ்சதுன்னு மறக்காம ஒரு வரி எழுதிப் போடுங்க தம்பி.

அடுத்த வாரம், '20 வயசுக்கு மேல கிளிப் போடலாமா, போட்டா காலேஜில் கலாய்ப்பாங்களே?' என்று கேட்டவங்களுக்கான பதில்.